தொப்பியா, மஃப்ளரா, கிளவுஸா: குளிருக்குப் போற ஜோடிக்கு என்ன பின்னிக் குடுக்கலாம்?

எனக்க தம்பியும் அவனுக்க வீட்டுக்காரியும் வர்ற அக்டோபர் கடைசியில மியூனிக் திரும்பப் போறாங்க. அவ அங்க ஆஸ்பத்திரியில நர்ஸு, அவன் ஒரு கம்பெனியில வேல பாக்கான், கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து பாக்கப் போற மொத குளிர்காலம் இதுதான் ஆக்கும். போன வாரம் தக்கலை வீட்டுக்கு வந்திருந்தப்போ அவ எனக்க மடியில கெடந்த நூலைத் தொட்டுப் பாத்துட்டு, "மைனி, எங்க ரெண்டு பேருக்கும் ஜோடியா ஏதாச்சும் பின்னித் தருவியளா"ன்னு கேட்டா. அந்த நிமிஷத்துலருந்து எனக்கு வேற நெனப்பே ஓடல்ல. தொப்பியா, மஃப்ளரா, கிளவுஸா, சாக்ஸா, எந்த நூலு, என்ன கலருன்னு ஒரு வாரமா யோசிச்சு, சிலது கொஞ்சம் பின்னிப் பாத்து, பிரிச்சு, இப்ப ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நம்ம ஜில்லாவுலருந்து வெளிநாட்டுலயும் பட்டாளத்துலயும் இருக்க பிள்ளைகளுக்குப் பின்னி அனுப்ப ஆசைப்படுறவங்க நெறய பேரு இருப்பீங்க, அதனால யோசிச்சதை ஒக்க எழுதுதேன்.

மொதல்ல ஒரு விஷயம், குளிரு அங்க, ஆனா பின்னுறது இங்க. ஆடிச் சாரல் விழுந்தாலும் நம்ம ஊருல உள்ளங்கை வேர்க்கும், நூலு கையில ஒட்டும், கம்பளி மடியில கெடந்தா தொடை புழுங்கும். ஈரக் கையில நூலு இறுகிப் போகும், காலையில பின்னுன வரியும் மத்தியானம் பின்னுன வரியும் ஒரே அளவுல வராது. எனக்கு வெளுப்பான் காலத்துல 5 மணியிலருந்து 7 மணி வரைக்கும்தான் கை ஒழுங்கா ஓடும். ஸ்டீல் ஊசி வேர்வையில வழுக்கும், மூங்கில் ஊசி இல்லன்னா மர ஊசி வச்சா கண்ணி நழுவாம நிக்கும். நான் ஸ்டிச்சை கண்ணின்னுதான் சொல்லுவேன், அம்மை வீடு கொளச்சல் பக்கம், வலைக்குச் சொல்லுக வார்த்தை அப்படியே வாயில வந்துட்டு. ஆக இங்க இருந்து பின்னுறவங்களுக்கு மொத கணக்கு என்னன்னா மடியில பெருசா வந்து குவியாத சாமானா இருக்கணும், ஸ்வெட்டர் அங்கயே அடிபட்டுப் போச்சு. ரெண்டு ஸ்வெட்டருக்கு கிலோ கணக்குல நூலு வேணும், அளவு தப்புனா மொத்தமும் வீணு, மூணு மாசத்துல அது நடக்காது, அத விட்டுருவோம்.

அடுத்து மஃப்ளர். ஜோடியா குடுக்கறதுன்னா எல்லாருக்கும் மொதல்ல தோணுறது இதுதான், எனக்கும் அப்படித்தான். நல்லது என்னன்னா அளவே வேண்டாம், கழுத்துக்கு எந்தக் கழுத்தும் சரி, புதுசா ஊசி பிடிக்கவங்களுக்கும் வரும். ஆனா 18 சென்டிமீட்டர் அகலம், 160 நீளம்னு வச்சா ஒண்ணுக்கே 200 கிராமுக்கு மேல நூலு தின்னும், ரெண்டுக்குன்னா அரைக் கிலோ கிட்ட, அதையும் ஒரே வரியை நூத்துக்கணக்கான தடவ திரும்பத் திரும்பப் போட்டு முடிக்கணும். ரெண்டாவது மஃப்ளர்ல பாதி வரும்போது மனசு சலிச்சிரும், சலிச்சா கை லூசாகும், ஜோடியில ஒண்ணு இறுக்கமா ஒண்ணு தொளதொளன்னு வந்து நிக்கும். இன்னொண்ணு, ஒரு பக்கம் நிட்டு, அதாவது நேர்க் கண்ணி, மறுபக்கம் பர்ல், அதாவது திருப்பிப் போடுற கண்ணின்னு வழவழன்னு வர்ற சாதாப் பின்னல்ல மஃப்ளர் போட்டா ரெண்டு ஓரமும் சுருண்டு பாய் மாதிரி உருட்டிக்கும், அதுக்கு 2 நிட்டு 2 பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டு ரப்பர் மாதிரி இழுபடுற ரிப், இல்லன்னா எல்லா வரியும் நிட்டுன்னு போடணும். அதுல பூ டிசைன் போடலாம்னு பாத்தா பின்பக்கம் ஓடுற நூலெல்லாம் வெளியில தெரியும், மஃப்ளருக்கு உள்பக்கம்னு ஒண்ணு கெடையாதே. தம்பி பொண்டாட்டி சைக்கிள்லதான் டூட்டிக்குப் போவா, தொங்குற நுனி சக்கரத்துல மாட்டுனா என்னாகும்னு நெனைச்சப்பவே எனக்கு மனசு விட்டுப் போச்சு.

மஃப்ளருக்குப் பதிலா கழுத்து வளையம் ஒண்ணு இருக்கு, கௌல்னு சொல்லுவாங்க, தலை வழியா போடுற குழாய் மாதிரி. சுத்தளவு 60 சென்டிமீட்டர், உயரம் 25 இருந்தா போதும், 100 கிராம்ல முடிஞ்சிரும், தொங்காது, கழட்டி கோட்டுப் பாக்கெட்டுல சொருகிக்கலாம். ரெண்டு நுனியையும் வயரால இணைச்ச வட்ட ஊசியில சுத்திச் சுத்திப் போறதால பின்பக்கம் பர்ல் போடுற வேலையே கெடையாது. மஃப்ளரா வளையமான்னு கேட்டா சைக்கிள், பஸ், அவசரமா டூட்டி மாத்துறவங்க, இவங்களுக்கெல்லாம் வளையம்தான்னு நான் தயங்காம சொல்லுவேன். வயசானவங்களுக்கு மஃப்ளர் கொள்ளாம், தலை வழியா ஒண்ண இழுத்துப் போடுறதுக்கு அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.

இப்ப கிளவுஸ், இதுல எனக்கு ஆசை ரொம்ப இருந்துச்சு, ஒரு வாரத்துல 4 நாளு இதுலதான் போச்சு. காரணம் என்னன்னா, ஜோடிக்குன்னே ஒரு கிளவுஸ் இருக்கு, ரெண்டு பேரும் கை கோத்து நடக்கும்போது கோத்த கை ரெண்டையும் உள்ள விட்டுக்க ஒரே ஒரு பெரிய பை, அதுக்கு ரெண்டு வாய், ஒரு வாயில அவ மணிக்கட்டு, இன்னொரு வாயில அவன் மணிக்கட்டு. கூட வெளிக் கைக்கு ஆளுக்கு ஒத்தக் கிளவுஸ், ஆக மொத்தம் 3 உருப்படி ஒரு செட்டு. நார்வே பக்கமெல்லாம் இப்படி காதலர் கிளவுஸ்னு பின்னுவாங்க. பாத்த உடனே எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, நம்ம ஊருல புதுசா கல்யாணம் முடிஞ்சதுங்க ரோட்டுல கை கோத்து நடக்க நாம விடுறதில்ல, அங்க போயாவது நடக்கட்டும்னு.

குளிரு நாட்டுல கல்யாணத்துக்கும் கிளவுஸுக்கும் பழைய சொந்தம் உண்டு. லாட்வியாவுல பொம்பளப் பிள்ளைங்க சின்ன வயசுலருந்தே கிளவுஸ் பின்னி சீர்ப்பெட்டியில சேத்து வைப்பாங்க, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்கெல்லாம் அதுலருந்து எடுத்துக் குடுக்கறது அங்க வழக்கம். நம்ம ஊருல பாத்திரம் பண்டம் குடுக்க மாதிரி அவங்க கையால பின்னுனதைக் குடுத்திருக்காங்க. 2006ல அவங்க தலைநகரம் ரீகாவுல நேட்டோ மாநாடு நடந்தப்போ வந்தவங்களுக்குக் குடுக்க கிட்டத்தட்ட 4,500 ஜோடி கையாலயே பின்னுனாங்க. நார்வேயில செல்புங்கற ஊர்ல 1857ல மாரிட் எம்ஸ்டாட்ங்கற சின்னப் பொண்ணு கருப்பு வெள்ளையில எட்டு இதழ் பூ வச்சுப் பின்னுனதுதான் பின்ன அந்த ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்துச்சு. இதையெல்லாம் படிச்சா யாருக்கும் கை துறுதுறுன்னு வரும்.

ஆனா புழக்கத்துல வச்சு யோசிச்சேன். கை கோத்து நடக்க ஒரு நேரம் உண்டுன்னா, வீட்டுச் சாவி எடுக்க, போன் பாக்க, சைக்கிள் பூட்ட, காய்கறிப் பை தூக்க 10 நேரம் உண்டு. ஐஸ் விழுந்த ரோட்டுல ரெண்டு கையும் ஒரே பைக்குள்ள மாட்டிக்கிட்டு ஒருத்தருக்குக் காலு வழுக்குனா அடுத்தவங்க கைய விடுவிக்க முடியாது, இது எனக்கு ரொம்ப பயமா பட்டுது. அதுக்கும் மேல இந்த செட்டுல ஒண்ணு தொலைஞ்சா மத்த ரெண்டும் சும்மா. கிளவுஸ் தொலையுற மாதிரி வேற ஒண்ணும் தொலையாது, ட்ரெயின்ல விடுவாங்க, கடையில விடுவாங்க. தொப்பி ஒண்ணு தொலைஞ்சா ஒரு தொப்பி போச்சு அவ்வளவுதான், இது ஜோடிக்குள்ள இன்னொரு ஜோடி, மூணுல ஒண்ணு போனா கணக்கே கெட்டுப் போகும்.

அஞ்சு விரல் வச்ச கிளவுஸ்னா இன்னும் பாடு. ரெண்டு பேருக்கும் சேத்து 4 கை, விரல் ஒண்ணுக்கு ஒரு சின்னக் குழாய், மொத்தம் 20 குழாய் பின்னணும், ஒவ்வொண்ணும் அந்தந்த விரல் நீளத்துக்கு. விரலைப் பிரிக்காம ஒரே பையா பின்னுற கிளவுஸ் அதைவிட சுலபம், சூடும் கூடுதல், நாலு விரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்து சூட்டைப் பகிந்துக்கும். அதுவும் வேண்டாம்னா விரல் நுனி திறந்த மணிக்கட்டு உறை, வீட்டுல லேப்டாப்புல வேல பாக்கவனுக்கு ரொம்ப உபயோகம். நர்ஸுக்கு கை கழுவிக் கழுவித் தோலு வெடிச்சிருக்கும், சொரசொரன்னு கம்பளி அதுல பட்டா எரியும்னு அவளே சொன்னா. அவ கைக்கு அங்க கடையில உள்ள லைனிங் வச்ச கிளவுஸே நல்லதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். கை கோத்துப் போடுற அந்த ஜோடிக் கிளவுஸ் ஆசை எனக்கு முழுசா போகல்ல, இவங்க எப்பவாவது ஒரு மலைக்கோ பனிக்கோ சுத்திப் பாக்கப் போனா அப்ப அதுக்குன்னு ஒண்ணு பின்னிக் குடுப்பேன்.

சாக்ஸ் பத்தி நெறய சொல்ல வேண்டாம். ஜெர்மனியில வீட்டுக்குள்ள ஷூ கழட்டிட்டு சாக்ஸோட நடக்கவங்க ஜாஸ்தி, அதனால உபயோகம் உண்டு, நாள்பட உழைக்க 75 சதவீதம் கம்பளி 25 சதவீதம் நைலான் கலந்த நூலும் உண்டு. ஆனா இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில சுத்துக்கு 64 கண்ணி, அப்படி 4 சாக்ஸ், குதிகால் திருப்பணும், கண்ணு போயிரும். ஷூவுக்குள்ள ஒளிஞ்சு கெடக்க சாமானுக்கு ஜோடியா டிசைன் போட்டு யாரு பாக்கப் போறா. பொறுமையும் மெல்லிய ஊசியில பழக்கமும் உள்ளவங்க தாராளமா போடலாம், எனக்கு அது ரெண்டு குளிர்காலத்து வேல.

மிச்சம் தொப்பி. தலை வழியாதான் உடம்புச் சூட்டுல பாதி போகும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, பாதியெல்லாம் கெடையாது, சுமார் 10ல ஒரு பங்குதான், உடம்புல தலை எவ்வளவு எடம் பிடிச்சிருக்கோ அந்த அளவுக்குத்தான். ஆனா காது விஷயம் வேற, காது மடல்ல கொழுப்பு அவ்வளவா கெடையாது, சைக்கிள்ல காத்து அடிச்சா அப்படியே கடுக்கும். மியூனிக்ல ஜனவரி சராசரியே 0 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும். தம்பி போன வருஷம் ஊருலருந்து கொண்டு போன மங்கி குல்லாவை வெளிய போட வெக்கப்பட்டு காது வலியோட நடந்திருக்கான். அதனால காதை மூடுற மாதிரி விளிம்பை ரெண்டா மடிக்க தொப்பிதான் எனக்க முடிவு. அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் ரிப் இழுத்துக் கொடுக்கும், ஒண்ணு 8லருந்து 10 மணி நேரத்துல முடியும், மடியில பந்து மாதிரி கெடக்கும், பொட்டியில எடை ஏறாது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல கிலோ கணக்குப் பாத்து அச்சப்பமும் நேந்திரம் சிப்ஸும் எடுத்து வெளிய வச்ச அனுபவம் நம்ம எல்லார் வீட்டுலயும் உண்டுதானே.

ஆனா இதுக்கு மேலதான் முக்கியமான கேள்வி இருக்கு, ஜோடின்னா எப்படி ஜோடி? ஒரே கலர் ஒரே டிசைன் ரெண்டு தொப்பின்னா பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி ஆயிரும், ரெண்டு பேரும் சேந்து போகும்போது தம்பி கழட்டி பாக்கெட்டுல வச்சுக்குவான், அவன எனக்குத் தெரியும். கலரு மட்டும் ஒண்ணா வச்சு டிசைனை மாத்துனா தனித்தனியா வாங்குன மாதிரி இருக்கும். மடிப்புக்கு உள்ள யாருக்கும் தெரியாம ஒரு சின்ன அடையாளம் போட்டுக் குடுக்கறது இன்னொரு வழி, வெளிய காட்டிக்க விரும்பாத கூச்ச சுபாவக் காரங்களுக்கு அது ரொம்ப அழகு. எனக்குப் பிடிச்சது கலரை மாத்திப் போடுறது, அவ தொப்பிக்கு மரூன் அடி, சந்தனக் கலர் பூ, அவன் தொப்பிக்கு சந்தனம் அடி, மரூன் பூ. இல்ல அவன் மரூன்தான் வேணும்னா மாத்திக்கட்டும், அதனால ஒண்ணும் கெடாது. தனியா போட்டா அது ஒரு நல்ல தொப்பி, பக்கத்துல அடுத்தது வந்து நின்னா மட்டும்தான் ஓகோ இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணுன்னு தெரியும்.

இதுல இன்னொரு காரியம் இருக்கு, அதைக் கணக்குப் போட்டுப் பாத்த ராத்திரிதான் எனக்கு மனசு நிறைஞ்சுது. ஒரு தொப்பிக்கு அடிக்கலர் சுமார் 60 கிராம், பூக்கலர் 25 கிராம். மாத்திப் போடும்போது மரூன் 60ம் 25ம் 85 கிராம், சந்தனமும் அதே 85 கிராம். 100 கிராம் உருண்டை மரூன்ல ஒண்ணு, சந்தனத்துல ஒண்ணு, ரெண்டே உருண்டையில ரெண்டு தொப்பியும் முடிஞ்சிரும். அவ தலையில இருக்கதுல கொஞ்சம் அவன் தொப்பியிலருந்து, அவன் தலையில இருக்கதுல கொஞ்சம் அவ தொப்பியிலருந்து வந்த மாதிரி, ஒரே நூலு ரெண்டா பிரிஞ்சு போயிருக்கும். அதுக்கு மேல ஜோடின்னு எதைச் சொல்ல? சாயம் போட்ட லாட் நம்பர் தொல்லையும் இதுல இல்ல. ஒரே கலரு நெறய உருண்டை வாங்கும்போது லேபிள்ல அந்த நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா பக்கத்துல வச்சா ஒரு சாயல் வித்தியாசம் தெரியும், மஃப்ளர் பின்னுனவங்களுக்கு இந்த வேதனை புரியும்.

பூவுக்கு எங்கயும் போகல்ல, தோவாளைதான். மாணிக்க மாலை பாத்திருப்பீங்க, சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் மடிச்சு சம்பு நாருல கட்டுவாங்களே, மத்த மாலை மாதிரி உருண்டையா இல்லாம பட்டையா, கல்லு பதிச்சாப்ல சதுரம் சதுரமா மின்னும். 2025ல அதுக்குப் புவிசார் குறியீடும் கெடச்சுது. இவங்க கல்யாணத்துக்கும் அந்த மாலைதான் போட்டோம். அந்தப் பட்டையை கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு பாத்தேன், 8 கண்ணிக்கு ஒரு கல்லு, மேலயும் கீழயும் ஒரு வரி புள்ளி, அழகா உக்காந்துச்சு. பச்சைக்கு மூணாவது நூலு வேண்டாம்னு விட்டுட்டேன், ஒரு வரியில மூணு நூலு பிடிக்கறது இந்த வேர்வையில ஆகாது.

இப்ப நூலு. லூதியானாவுலருந்து வர்ற வர்தமான், ஓஸ்வால் மாதிரி அக்ரிலிக் நூலு நம்ம பக்கம் தையல் சாமான் கடையிலயே கெடைக்கும், மலிவு, கலர் கொள்ளை, மெஷின்ல போட்டாலும் சுருங்காது, பூச்சி அரிக்காது. மழைக்காலத்துல அலமாரியே பூத்துப் போற நம்ம ஊருல வச்சுப் பின்ன அதுதான் தொல்லையில்லாதது. ஆனா அது பிளாஸ்டிக் இனம், வேர்வையை உறிஞ்சாது, சைக்கிள் மிதிச்சு நெத்தி வேர்த்து அப்புறம் நின்னா அந்த ஈரம் குளுந்து தலையில பிடிக்கும். கம்பளி தன் எடையில 30 சதவீதம் கிட்ட ஈரத்தை உள்ள வாங்கிக்கிட்டும் தொட்டா ஈரம் தெரியாம சூடா இருக்கும், அந்தக் குணம் அக்ரிலிக்குக்கு வராது. வெறும் கம்பளி நெத்தியில அரிக்கும், மெரினோங்கற ஆட்டுக் கம்பளி இழை மெல்லிசு, அதனால அரிக்காது, விலை அக்ரிலிக்கைப் போல பல மடங்கு. தலைக்கும் கழுத்துக்கும் படுற சாமானுக்கு, அதுவும் உண்மையான குளிருக்குப் போகுதுன்னா, நான் மெரினோவுக்கே காசு போடுவேன். ரெண்டு உருண்டைதானே வேணும். ஊட்டி கொடைக்கானல் போறவங்களுக்கும் மேல்கோதையாறு பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கும் அக்ரிலிக் தாராளம்.

மெரினோவுலயும் சூப்பர்வாஷ்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, இது நான் பட்டுத் தெரிஞ்சது. தம்பி மொத தடவ போனப்போ சாதாக் கம்பளியில ஒரு தொப்பி பின்னிக் குடுத்தேன், 12 நாளு வேல. அவன் அதை ஜீன்ஸோட சேத்து சுடுதண்ணியில மெஷின்ல போட்டுட்டான். கம்பளி இழையில செதில் செதிலா இருக்கும், சூடும் உலுக்கலும் சேந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கி கெட்டியாகி சுருங்கிரும், திரும்ப விரியவே விரியாது. அவன் எங்கிட்ட சொல்லல்ல, ஒரு நாளு வீடியோ கால்ல கீழ் வீட்டு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க, குழந்தை தலையில எனக்க தொப்பி. எனக்குச் சங்கடமும் வந்துச்சு, அந்தப் பிள்ளைக்காவது சூடா இருக்கேன்னு சந்தோஷமும் வந்துச்சு. சூப்பர்வாஷ்ல அந்த செதிலை வேதிமுறையில மழுக்கி மேல மெல்லிய பூச்சு குடுத்திருப்பாங்க, கம்பளி புரோகிராம்ல 30 டிகிரியில போட்டா தாங்கும். ஆனா நனைஞ்சா கொஞ்சம் நீளும், அதனால பட்டையா காயப் போடணும், கம்பியில தொங்க விடப்படாது.

ஒத்தக் கொக்கி ஊசியில போடுற குரோஷாவா ரெட்டை ஊசியான்னு கேக்கவங்களுக்கு. நம்ம ஜில்லாவுல லேஸ் வேலை தெரியாத தெரு கம்மி, 1820கள்லயே நாகர்கோவில்ல லண்டன் மிஷன் மால்ட் அம்மா பொம்பளப் பிள்ளைகளுக்கு லேஸ் போடச் சொல்லிக் குடுத்தாங்க, முளகுமூட்டுல 1897ல பெல்ஜியத்துலருந்து வந்த சிஸ்டருங்க நடத்துன மடத்துலயும் லேஸ் வேலை பேரு வாங்குச்சு. எனக்க பெரியம்மை கையில குரோஷா ஊசி பேசும். குரோஷா சீக்கிரம் வளரும், ஒரு கண்ணி நழுவுனா மொத்தமும் ஓடாது, ஆனா அதே அகலத்துக்கு நூலு கூடுதலா தின்னும், துணி கனமா விறைப்பா வரும், ரிப் மாதிரி இழுபடாது. காதைப் பிடிச்சு நிக்கணும்னா ரெட்டை ஊசிப் பின்னலோட ரிப்தான் வேணும். குரோஷா மட்டும் தெரிஞ்சவங்க கழுத்து வளையம் போடுங்க, அதுக்கு அது ரொம்பப் பொருத்தம், தொப்பிக்காகப் புதுசா பழகணும்னு இல்ல.

தொப்பி போட முடிவு பண்ணவங்களுக்கு எனக்க கணக்கைச் சொல்லுதேன். பொம்பளை தலை பெரும்பாலும் 56, ஆம்பளை 58 சென்டிமீட்டர் சுத்தளவு வரும், பின்னல் அதைவிட 4லருந்து 6 குறைவா இருந்தாதான் பிடிச்சு நிக்கும். நடுத்தர தடிமன் நூலுல 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தா 104 கண்ணி போட்டா 52 சென்டிமீட்டர், ரெண்டு பேருக்கும் அதுவே ஆகும். 104ங்கறது ரொம்ப வசதியான நம்பர், 2க்கு 2 ரிப்புக்கு 4ஆல வகுபடும், பூவுக்கு 8ஆல வகுத்தா 13 கல்லு, உச்சியில குறைக்கும்போதும் 8 பாகமா பிரிச்சா பாகத்துக்கு 13 கண்ணி, எங்கயும் மிச்சம் நிக்காது. ரிப்புக்கு 4 மில்லிமீட்டர் ஊசி, சாதாவுக்கு நாலரை, பூ வர்ற எடத்துல மட்டும் 5, ஏன்னா ரெண்டு கலர் பின்னல் தானா இறுகும். பெரியம்மைகிட்ட உள்ள பழைய ஊசின்னா அது 8, 7, 6ம் நம்பர், அந்த நம்பர்ல கூடக்கூட ஊசி மெலியும்னு ஞாபகம் வச்சுக்குங்க, தலைகீழா எடுத்துராதீங்க.

பூப் போடும்போது பின்னால ஓடுற நூலு 5 கண்ணிக்கு மேல சும்மா ஓடக் கூடாது, நடுவுல ஒரு தடவ மத்த நூலோட முறுக்கிப் பிடிக்கணும், இல்லன்னா போடும்போது விரல்ல மாட்டும். இழுத்துப் பிடிச்சாலும் தப்பு, தொப்பி அந்த எடத்துல இடுப்புக் கட்டுன மாதிரி குறுகிரும். கலரை மாத்திப் போடுறவங்க இதை மட்டும் மறக்காதீங்க, ரெண்டு நூலுல எது கீழயிருந்து வருதோ அந்தக் கலருதான் மேல எடுப்பா தெரியும். மொத தொப்பியில சந்தனம் பூ, அதைக் கீழ வச்சுப் பின்னுனா ரெண்டாவதுல மரூனைக் கீழ வைக்கணும். நான் மொத தடவ சாம்பிள் போட்டப்போ ரெண்டுலயும் மரூனையே கீழ வச்சுட்டேன், ஒண்ணுல பூ மின்னுச்சு, மத்ததுல மங்கிப் போச்சு, ஒரே டிசைனான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு.

சிவப்பு வகை எதுக்கும் சாயம் போகுதான்னு பாக்காம வெளிறுன கலரோட சேக்கப்படாது. ஒரு கையகலம் பின்னி நனைச்சு வெள்ளைத் துணியில சுருட்டி ராத்திரி வச்சேன், காலையில துணியில ஒரு கறை கெடையாது, அதுக்குப் பின்னதான் 104 கண்ணி ஏத்துனேன். அதே துண்டுதான் அளவு பாக்கவும், நனைச்சுக் காயப் போட்ட பிறகு 10 சென்டிமீட்டருக்கு எத்தனைன்னு எண்ணணும், ஊசியில இருக்கும்போது எண்ணுனா ஏமாத்தும்.

நேரம் மிச்சம் இருந்தா அவளுக்கு மட்டும் ஒரு கழுத்து வளையம், அதுக்கு மரூன் தனியா ஒரு உருண்டை வாங்கி வச்சிருக்கேன், அவனுக்கு மஃப்ளர் ஏற்கனவே உண்டு. இப்ப அவ தொப்பி ரிப் முடிஞ்சு மொத வரி கல்லுல நிக்குது. ரெண்டும் முடிஞ்சா கலருக்கு 15 கிராம் மிஞ்சும், அதைச் சின்ன உருண்டையா சுத்தி, தடிச்ச தையல் ஊசி ஒண்ணு குத்தி, பொட்டியில முந்திரிக்கொத்து டப்பாவுக்குப் பக்கத்துல வைக்கணும், எங்கயாவது இழை பிஞ்சா அவங்க அங்கயே தைச்சுக்கலாம்.